நம்ம ஊர்ப் பிள்ளைதான்

போன வருடம் கத்திரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த சமயத்தில், தாம்பரத்திலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இருக்கிற படப்பையில் நடந்தது இது.

முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை புரியாது. பல கல்லூரிகள் சேர்ந்து வருடக்கணக்கில் நடத்தும் பெரிய ஆராய்ச்சி ஒன்றில் இருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாற்றி மாற்றி வேலை பார்க்கும் இளவயதுக்காரர்களின் உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி. ரத்தம் எடுப்பது, தூக்கம் எப்படி என்று கேட்பது எல்லாம் மற்றவர்கள் பாடு. இந்த ஆராய்ச்சியைப் பற்றி ஜனங்களிடம் யார் பேசுவது, எங்கே வைத்துப் பேசுவது, எப்படிப் பேசினால் நம்புவார்கள் என்று திட்டம் போட்டுக் கொடுப்பது என் பாடு. "பேசறதுக்கு ஒரு திட்டமா? அதுக்கு ஒரு சம்பளமா?" என்று என் மச்சான் இன்றைக்கும் கேட்பான். அவன் கிடக்கிறான்.

ஆரம்பத்தில் எங்களை ஒரு ஈ காக்கைகூட நம்பவில்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பார்த்தாலே கம்பெனி ஆள் என்று கதவைச் சாத்தினார்கள். மண்ணூரில் ஒரு பெண் முகத்துக்கு நேராகவே கேட்டாள். "ரத்தத்துல எதனா கீதுன்னா லைன்லேர்ந்து தூக்கிடுவீங்க. அதுக்குத்தான இந்த டெஸ்ட்டு?" நாங்கள் எவ்வளவு சொல்லியும் அவள் சந்தேகம் போகவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. இலவசம் என்று எது வந்தாலும் அதற்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அந்தப் பக்கத்துப் பிழைப்பு.

நான் உட்கார்ந்து யோசித்தேன். அங்கே அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களில் நிறையப் பேர் தெற்கத்திப் பிள்ளைகள். நானும் தென்காசிப் பக்கத்துக்காரன்தான். சென்னைக்கு வந்து பேச்சையெல்லாம் மாற்றிக்கொண்ட ஆள். ஊர்ப் பேச்சிலேயே பேசினால் என்ன என்று தோன்றியது. போனில் அனுப்பும் குரல் செய்தியை நானே பேசிப் பதிவு செய்தேன். "ஏ பிள்ளைகளா, நல்லா இருக்கியளா? சாப்பிட்டாச்சா?" என்று ஆரம்பிக்கும். வீடு வீடாகப் போவதற்கும் தெற்கத்தி ஆட்களையே வேலைக்கு எடுத்தோம். சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமாக எடுபட்டது. "அண்ணாச்சி, உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே ஊசிக்குக் கையை நீட்டினார்கள். சென்னைக் கூட்டத்தில் நான் இதை விளக்கியபோது பெரிய பெரிய ஆட்கள் தலையாட்டினார்கள். எல்லா மாவட்டத்துக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தத் தெம்போடு படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டோம். அங்கே ரத்தம் எடுப்பதோடு சரி, பரிசோதனை சென்னையில்தான். ஓரிரு நாள் கழித்துக் காலையில் எங்கள் டாக்டரம்மா போன் செய்தார். குரலே சரியில்லை. முகாமுக்கு வந்த ஒரு சின்னப் பெண்ணுக்குச் சர்க்கரை பயங்கரமாக ஏறியிருக்கிறது. வயதானவர்களுக்கு வருகிற ரகம் இல்லை இது, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி போடாவிட்டால் நினைவு தப்பி உயிருக்கே மோசமாகிவிடும் என்றார். அந்தப் பெண் கொடுத்திருந்த போன் நம்பருக்கு அடித்தால் சேலத்தில் ஒரு லாரி பட்டறைக்காரர் எடுத்து, எங்களைத் திட்டிவிட்டு வைத்தாராம். வேண்டுமென்றே பொய் நம்பர் கொடுத்திருக்கிறாள்.

அவளை முகாமுக்குக் கூட்டிவந்த எங்கள் களப்பணிப் பெண் கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஊருக்குப் போயிருந்தாள். போனில் அடையாளம் மட்டும் சொன்னாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கடைசித் தெரு, வரிசையாக வாடகை அறைகள். எந்த அறை என்று அவளுக்கும் தெரியாது. தெருக்குழாயடியில் பார்த்துத்தான் முகாமுக்கு அழைத்தாளாம். விவரத்தில் அந்தப் பெண்ணின் சொந்த மாவட்டத்தைப் பார்த்தேன். எங்கள் மாவட்டம்! அப்பாடா என்று இருந்தது.

"கவலைப்படாதீங்க டாக்டர். நம்ம ஊர்ப் பிள்ளைதான். நான் போய் ரெண்டு வார்த்தை பேசினா போதும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தெருமுனைப் பெட்டிக்கடையில் ஆரம்பித்தேன். ஒரு சோடாவை வாங்கிக் குடித்துக்கொண்டே, பெண்ணின் பெயரைச் சொல்லி, "இங்கன எந்த வீட்ல இருக்கா, தெரியுமா? நம்ம ஊர்ப் பிள்ளதான்" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்படி ஒரு பேரையே கேள்விப்பட்டதில்லை என்றார். அடுத்து ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தவரைக் கேட்டேன். "அந்தப் பொண்ணா? அது சுங்குவார்சத்திரம் போயி ரொம்ப நாளாச்சே" என்றார். இட்லி மாவு விற்கிற பெண், அவள் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வீடு மாறிவிட்டாள் என்றாள். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இன்னொருத்தி, அந்தப் பெயரில் இருந்த பெண் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள் என்று சத்தமாகச் சொன்னாள்.

எனக்குப் பொறி தட்டியது. ஒருத்தர் தெரியாது என்றால் நம்பலாம். ஒரே தெருவில் ஆளுக்கு ஒரு ஊரைக் காட்டினால்? நேற்று முன்தினம் வரை இதே தெருவில் இருந்த பெண்ணை ஏன் எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள்? நான் நடந்தால் ஜன்னல்களைச் சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஆட்டோக்காரர் எனக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். கையில் துடைக்கிற துணிகூட இல்லை.

தெருக்கோடியில் அந்த வாடகை அறைகள் இருந்தன. பகல் நேரம் என்பதால் பெரும்பாலும் பூட்டு. கடைசி அறை வாசலில் வந்து நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன். வெளியே பெரிய பூட்டு தொங்குகிறது. உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்கிறது. பழைய விசிறி போல, டக் டக் என்று அடித்துக்கொண்டு ஓடியது. காதை வைத்துக் கேட்டேன். யாரோ இருமினார்கள்.

ஒரு பெண்ணை உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள்! வெளியூர்ப் பிள்ளைகளை வேலைக்கென்று கூட்டிவந்து அடைத்து வைக்கிற கதைகளை நாம் கேள்விப்படாததா? அந்தத் தெருவே கூட்டுக் களவாணியோ என்று தோன்றியது. அவள் உடம்பு இருக்கிற நிலைமைக்கு ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து, இவர்கள் என்னடாவென்றால் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். கதவைத் தட்டக் கையை ஓங்கினேன்.

"இன்னாபா, யாரு நீ? வந்ததுலேர்ந்து பாத்துக்கினே கீறேன், வூடு வூடா மோப்பம் புடிச்சிகினு சுத்துற?"

நைட்டிக்கு மேல் துண்டு போட்டுக்கொண்டு, இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு அம்மா நின்றிருந்தார். அந்த அறைகளுக்கெல்லாம் சொந்தக்காரர். என் வயதுதான் இருக்கும். அவருக்குப் பின்னால் ஆட்டோக்காரர், பெட்டிக்கடைக்காரர், மாவு விற்கிற பெண் என்று பாதித் தெரு கூடிவிட்டது.

"யக்கா, நான் ஆராய்ச்சி ஆபீஸ்ல இருந்து வாரேன்..."

"இன்னா ஆராய்ச்சி பண்ற? எந்தப் பொண்ணு எந்த வூட்ல கீதுன்னா?"

அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "இத்த மாரி கார்டு பஸ் ஸ்டாண்டாண்ட ஜெராக்ஸ் கடையில அடிச்சுக் குடுப்பான். எம் பையன் மாறுவேஷப் போட்டிக்கு கலெக்டர் கார்டே அடிச்சுக்கினு போனான்" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

"உள்ள ஆள வச்சுப் பூட்டியிருக்கீங்க. எனக்குத் தெரியும். இப்பவே போலீஸுக்குப் போவேன்" என்று கத்தினேன்.

போலீஸ் என்றதும் பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"போ. இந்தப் பொண்ணு வூட்டு ஆளுங்களும்தான் போலீஸுக்குப் போனாங்க. போன மாசம் ஒருத்தன் வந்தான். உன்ன மாரியே இஸ்து இஸ்து பேசினான். உன்ன மாரியேதான், 'நம்ம ஊர்ப் பிள்ளை, நல்லது சொல்லத்தான் வந்தேன்'னான். நானும் கூமுட்ட மாரி வூட்டக் காட்டிட்டேன். சாயங்காலம் காருல வந்தானுங்க. வேற சாதிக்காரன கட்டிக்கினான்னு அவ புருஷன் மண்டையப் பொளந்துட்டு, அவ முடியப் புடிச்சு ரோட்டுல இஸ்துக்கினு போனானுங்க. தெருவே கூடி கல்லால அடிச்சு தொரத்துனோம். அதுலேர்ந்து உங்க ஊர்ப் பேச்சு கேட்டாலே, ஆள் இல்லாத மாரி வெளிய பூட்டுப் போட்டுடுவோம். இன்னொரு தபா ஏமாறுவேன்னு பாத்தியா?"



காலையிலிருந்து எத்தனை வாசலில் சொல்லியிருப்பேன், நம்ம ஊர்ப் பிள்ளைதான் என்று! சோடா குடித்துக்கொண்டே, சிரித்துக்கொண்டே, எங்கள் ஊர் ராகத்தில் இழுத்து இழுத்துச் சொல்லியிருக்கிறேன். சென்னைக் கூட்டத்தில் பாராட்டு வாங்கிய அதே பேச்சு. உள்ளே பூட்டிய அறையில், விசிறிச் சத்தத்துக்கு நடுவில் என் குரலைக் கேட்டு அந்தப் பெண் எப்படி நடுங்கியிருப்பாள் என்று நினைத்தபோது, எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் ஓடி வந்ததே இந்தப் பேச்சிடமிருந்துதான்.

உடனே செய்தி வாசிப்பவர் மாதிரி பேச ஆரம்பித்தேன். "அம்மா, தயவுசெய்து நான் சொல்வதைக் கேளுங்கள்..." அது இன்னும் கெட்டது. "இப்ப எதுக்கு பேச்ச மாத்துற?" என்று ஆட்டோக்காரர் என் சட்டையைப் பிடித்தார்.

அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று கெஞ்சினேன். "ஓகோ, ஆஸ்பத்திரி வாசல்ல கார் நிக்குதா?" என்றார் வீட்டுக்காரம்மா. எங்கள் டாக்டரம்மாவோடு போனில் பேசுங்கள் என்றேன். போன் போட்டால் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கடைக்காரர் தடுத்தார். நான் எதைச் சொன்னாலும் அது அவளை அந்த அறையிலிருந்து வெளியே வரவைக்கிற தந்திரமாகவே பட்டது அவர்களுக்கு. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நான் நல்லவன் என்பதற்கு என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது? கெட்டவனும் இதையேதானே சொல்வான்?

வெயிலில் தலை சுற்றியது. அந்த நேரம் எதிர்வீட்டுப் பெண் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு இல்லை, சொல்லவும் வேண்டுமா. வீட்டுக்காரம்மா வாங்கிக்கொண்டே, "சக்கர போடலயே?" என்று கேட்டார்.

சட்டென்று பிடித்துக்கொண்டேன். "யக்கா, உங்களுக்குச் சுகர் இருக்கா? வீட்ல விரல்ல குத்திப் பாக்கிற மெஷின் வச்சிருக்கியளா?" நாக்கு மறுபடி ஊர்ப் பேச்சுக்கே போய்விட்டது. விட்டுவிட்டேன்.

"இருந்தா உனக்கின்னா?"

எங்கள் விதிப்படி ஒருவருடைய பரிசோதனை முடிவை அவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக்கூடாது. சாடையாகக்கூடச் சொல்லக்கூடாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் இன்றைக்கு இதை எழுத எனக்குக் கை வந்திருக்காது. பிறகு ஆபீஸில் அதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தேன், திட்டும் வாங்கினேன்.

"நான் இப்பவே போயிருதேன். அந்தப் பிள்ளய நான் பாக்க வேண்டாம். நான் போன பெறகு கதவச் சாத்திக்கிட்டு, உங்க மெஷின்ல அவ விரலக் குத்திப் பாருங்க. சரியா இருந்தா நான் திருடன்னு வச்சுக்கோங்க. சரியா இல்லன்னா உங்களுக்கு எந்த ஆஸ்பத்திரி மேல நம்பிக்கையோ அங்க கூட்டிட்டுப் போங்க. எந்த ஆஸ்பத்திரின்னு எனக்குச் சொல்லாதீங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் போன் நம்பர் இருந்த கார்டை நீட்டினேன், வாங்கவில்லை. "அந்த செவுத்து மேல வெச்சுட்டுக் கெளம்பு" என்றார். வைத்துவிட்டு நடந்தேன். ஆட்டோக்காரர் மெயின் ரோடு வரைக்கும் கூடவே வந்து, தாம்பரம் பஸ்ஸில் என்னை ஏற்றி, பஸ் நகர்கிற வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

பஸ்ஸில் எனக்கு ஒரே சந்தேகம். அந்த அம்மா குத்திப் பார்ப்பாரா, என்னை விரட்டிவிட்ட சந்தோஷத்தில் டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாரா? அந்த மெஷினில் பேட்டரி இருக்குமா? திரும்பிப் போகலாமா? போனால் கொஞ்சநஞ்சம் வைத்த நம்பிக்கையும் போய்விடும்.

மணிமங்கலம் திருப்பத்துக்குப் பக்கத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"யோவ், மிஷின்ல நம்பரே வர்ல, இங்கிலீஷ் எழுத்துதான் வருது. இன்னொரு தபாவும் குத்திப் பாத்துட்டேன். எனக்குப் பாத்தா நம்பர் கரெக்டா வருது. கெட்டுப் போச்சா இது?"

"கெடலக்கா! அந்த மெஷினால அளக்க முடியாத அளவுக்கு ஏறிக் கெடக்குன்னு அர்த்தம். ஓடுங்க, இந்த நிமிஷமே ஓடுங்க!" பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அந்தப் பக்கம் அவர் குரல் உடைந்தது. "அய்யோ, காலைலேர்ந்து படுத்தே கீதுபா. மூச்ச வேற இஸ்து இஸ்து வுடுது. தெனம் கொடம் கொடமா தண்ணி குடிக்கும், நான் வெயிலுக்குன்னு நெனச்சேனே! அவ புருஷன் வேற ஷிப்ட்டுக்குப் பூட்டான்."

"நான் வரட்டுமா யக்கா?"

"நீ வராத!" லைன் கட்டாகிவிட்டது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் முகத்தை எங்காவது பார்த்தால் அவர்கள் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அவள் பிழைக்க வேண்டுமென்றால் நான் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் வழி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாம்பரம் வரை வந்தேன்.

அதற்குப் பிறகு தகவல் இல்லை. அந்த நம்பருக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப். டாக்டரம்மா தினமும் கேட்பார், நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். ராத்திரி சோறு இறங்கவில்லை. "என்னாச்சு, ஆபீஸ்ல எதுவும் பிரச்சினையா?" என்று என் மனைவியே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள். என்னைப் பற்றியே எனக்கு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. நான் போய் அந்தத் தெருவில் விசாரிக்காமல் இருந்திருந்தால், அவளைப் பூட்டி வைத்திருக்க மாட்டார்களோ, காலையிலேயே அவள் எழுந்து டாக்டரிடம் போயிருப்பாளோ? இதற்கு யாரிடம் போய்ப் பதில் கேட்பது?

ஒரு மத்தியானம், ஆபீஸ் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது வேறொரு நம்பரிலிருந்து போன். எடுத்ததும் முகமன் எதுவும் இல்லை.

"பொழச்சுக்கிச்சு" என்றார் வீட்டுக்காரம்மா. "கொஞ்சம் லேட் பண்ணியிருந்தா கை நழுவிப் போயிருக்கும்னாரு டாக்டரு. இனிமே ஆயுசுக்கும் தெனம் ஊசி போட்டுக்கணுமாம். அவளுக்கு ஊசின்னா பயம், நான்தான் போட கத்துக்கினேன். அன்னிக்கு உன்ன ரொம்பப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத."

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை. போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? "இப்ப அந்தப் பிள்ள எங்கன இருக்கா யக்கா? அதே வீட்லதானா?" என்று கேட்டுவிட்டேன்.

சட்டென்று அவருக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

"நீ எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்க்கா..."

"சும்மான்னா கேக்காத." வைத்துவிட்டார்.

எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை. அழுகையோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது. எங்கள் திட்டத்தில் அந்தத் தெற்கத்திக் குரல் செய்தி இன்னும் இருக்கிறது, நிறையப் பேருக்கு அது பிடித்துமிருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் தனியாக வைத்து ஒரு கேள்வி கேட்கிறோம். அவசரம் என்றால் நாங்கள் உங்களைத் தேடி வரலாமா, கூடாதென்றால் யார் மூலமாகச் சொல்லி அனுப்பலாம்? இதைச் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னபோது, தேடி வரக்கூடாது என்று யார் சொல்லப்போகிறார்கள் என்று மேலே உள்ளவர்கள் சிரித்தார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் ஒவ்வொரு முகாமிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் தலையைக் குனிந்துகொண்டு, அடிக்குரலில்தான் சொல்கிறார்கள். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை.

அந்தப் பெண்ணின் முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை, எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாது, ஆனாலும் எங்கள் ஊர்ப் பேச்சில் யாராவது முன்பின் தெரியாத ஒருத்தரை விசாரிப்பதைக் கேட்டால், "நீ எதுக்குக் கேக்குற?" என்று எனக்குள்ளிருந்து அந்த அம்மாவின் குரல்தான் முதலில் எழுந்து நிற்கிறது.